இரவு 9.20க்கு வரும் விருந்தாளி

போன ஆனி மாதக் கடைசியில் எங்கள் வீட்டுக் கணினிக்குள் ஒரே இரவில் நான்கு பேர் குடியேறினார்கள், நான்கும் மென்பொருள்கள். கதவைத் திறந்துவிட்டவள் நான்தான். அவர்களை வெளியேற்ற ஒன்பது நாள் ஆயிற்று. அப்போது கற்றதை எழுதி வைக்காவிட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் மறந்துவிடுவேன். அதனால்தான் இந்தப் பதிவு.

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் என் தொழில். ஒரு மூலையில் தையல் மிஷின், எதிர் மூலையில் கணினி, நடுவில் பிரிண்டர். கல்யாண அழைப்பிதழ், அம்மன் கோயில் கொடை நோட்டீஸ், தேவாலயத் திருவிழா நோட்டீஸ், அடியந்திர அட்டை, எது வந்தாலும் வடிவமைத்துக் கொடுப்பேன். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆவணிக் கல்யாணங்களுக்கெல்லாம் அழைப்பிதழ் அடிப்பது ஆடியில்தான். ஊருக்கு ஓய்வான மாதம் எனக்குத் தூக்கமில்லாத மாதம். கணினி 2016இல் வாங்கியது. விண்டோஸ் 10, நான்கு ஜிபி நினைவகம். பக்கங்களை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 அதில் இன்னமும் ஓடுகிறது. 2001இல் வெளிவந்த மென்பொருளையா வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். என் 14 வருட வேலை முழுவதும் அந்தக் கோப்புகளில்தான் இருக்கிறது.

அன்று புதன்கிழமை இரவு. இரணியல் பக்கத்திலிருந்து ஒரு கொடை விழாக் குழுக்காரர், போன வருட நோட்டீஸை வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் கோப்பாக அனுப்பியிருந்தார். தேதியையும் வில்லுப்பாட்டுக்காரர் பெயரையும் மாற்றினால் போதும் என்றார். பிடிஎஃபை வேர்டு கோப்பாக மாற்ற இலவச மென்பொருள் தேடினேன். திறந்த பக்கத்தின் நடுவில் பச்சை நிறத்தில் பெரிய டவுன்லோடு பொத்தான் ஒன்று இருந்தது. அது விளம்பரம். உண்மையான பொத்தான் அதற்குக் கீழே, வெளிறிய எழுத்தில் ஒடுங்கிக் கிடந்ததை மறுநாள்தான் பார்த்தேன். மணி பதினொன்று ஆகியிருந்தது, வெளியே சாரல், கண் சொக்கியது. வந்த ஒவ்வொரு பெட்டிக்கும் பூம்பூம் மாடு போலத் தலையாட்டினேன். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரி, நெக்ஸ்ட். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் சின்னக் கட்டத்தில் யாரோ எனக்காக முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருந்தார்கள். எக்ஸ்பிரஸ், கஸ்டம் என்று இரண்டு வழி கேட்டதும் நினைவிருக்கிறது. கஸ்டம் வழியாகப் போயிருந்தால் அந்த டிக்குகளை எடுத்திருக்கலாம். அவசரக்காரர்களுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தவன் மனிதர்களை நன்றாகப் படித்தவன்.

அந்த நோட்டீஸ் என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

காலையில் கணினியைத் திறந்தால் ஆளே மாறியிருந்தது. வலது மூலையில் ஒரு சிவப்பு வட்டம், உங்கள் கணினியில் 1,347 பிழைகள் இருக்கின்றன, சரிசெய்யப் பணம் கட்டுங்கள் என்றது. அதன் பக்கத்தில் இன்னொன்று, டிரைவர்கள் (பிரிண்டர், மவுஸ் போன்றவற்றைக் கணினியோடு பேச வைக்கும் சின்ன மென்பொருள்கள்) எல்லாம் பழையதாகிவிட்டன என்று ஒப்பாரி வைத்தது. மூன்றாவது, 30 நாள் சோதனைக்கு வந்த ஓர் ஆன்டிவைரஸ். நான் கேட்டு வாங்கிய பிடிஎஃப் மாற்றி நான்காவது. குரோமைத் திறந்தால் வழக்கமான கூகுள் இல்லை, கேள்விப்படாத ஏதோ ஒரு தேடுபக்கம். பேஜ்மேக்கர் திறப்பதற்குள் கட்டன் சாயா போட்டுக் குடித்துவிட்டு வந்துவிடலாம், அவ்வளவு மந்தம்.

நான் முதலில் செய்த காரியத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முகப்புத் திரையில் இருந்த அந்த நான்கு ஐகான்களையும் இழுத்து ரீசைக்கிள் பின்னில் போட்டுவிட்டு, தொல்லை ஒழிந்தது என்று எழுந்து போய்விட்டேன். வாடகைக்காரனின் பெயர்ப்பலகையைக் கழற்றினால் அவன் வீட்டைக் காலி செய்துவிடுவானா? ஐகான் வெறும் பெயர்ப்பலகைதான். ஆள் உள்ளே கட்டில் போட்டுப் படுத்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை மானம் போயிற்று. தேவாலயத் திருவிழா நோட்டீஸுக்குப் புரூஃப் பார்க்கப் பங்குப் பேரவைப் பெரியவர்கள் இருவர் வந்து, ஆளுக்கொரு நாற்காலியில் என் இருபுறமும் உட்கார்ந்திருந்தார்கள். கொடியேற்று நிகழ்ச்சி நிரலை ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருக்கும்போது, திரையின் வலது மூலையிலிருந்து அரைகுறை ஆடையில் ஒரு பெண் படம் மெல்ல மேலே ஏறி வந்தது. உங்கள் ஊரிலேயே தோழிகள் காத்திருக்கிறார்களாம். நான் மவுஸைத் தேடுகிறேன், கை நடுங்குகிறது. பெரியவர்களில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மக்களே, இதையும் நோட்டீஸில் சேர்க்க வேண்டுமா?" என்று கேட்டார். மற்றவர் ஜன்னல் பக்கம் திரும்பி மழையை வேடிக்கை பார்த்தார்.

அன்று மாலையே நாகர்கோவிலில் ஒரு கணினிக் கடைக்கு போன் செய்தேன். நான் பாதி சொல்வதற்குள், "ஃபார்மட் அடித்துவிடலாம் அக்கா, சனிக்கிழமை கொண்டு வந்தால் செவ்வாய்க்கிழமை தருகிறேன்" என்றார் தம்பி. இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் ஃபார்மட். நம் ஊரில் கணினிக்குத் தலைவலி வந்தாலும் ஃபார்மட், கால்வலி வந்தாலும் ஃபார்மட். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒவ்வொரு மூலையாகத் தேடிச் சுத்தம் செய்யும் நேரத்தில் நான்கு கணினிகளை ஃபார்மட் அடித்துவிடலாம். ஆனால் எனக்கு அது ஒத்துவராது. பேஜ்மேக்கர் சிடியில் கீறல் விழுந்து வருடங்கள் ஆகின்றன, இன்னொரு முறை நிறுவ முடியும் என்ற நம்பிக்கை இல்லை. போதாததற்கு, 14 வருடமாகச் சேர்த்த எழுத்துருக்கள் வேறு. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கடவுச்சொற்களைத் திருடும் வகை ஏதாவது நுழைந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் கடைத்தம்பி சொல்வதுதான் சரி, யோசிக்காமல் ஃபார்மட் அடித்துவிட வேண்டும். என் கணினிக்குள் வந்தவை திருடர்கள் அல்ல, பிடுங்கித் தின்னும் விருந்தாளிகள் என்று தோன்றியது. இருந்தாலும் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கைபேசியிலிருந்து மாற்றிவிட்டுத்தான் தூங்கினேன்.

சனிக்கிழமை என் அக்கா மகன் வந்தான். நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிறான். சக்கை வற்றல் பொரித்துத் தருவதாகச் சொல்லித்தான் வரவழைத்தேன். வந்ததும் எதையும் நீக்கவில்லை. என் வேலைக் கோப்புகளையும் எழுத்துருக்களையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் பிரதி எடுத்தான். பிறகு, ஏதாவது கெட்டுப்போனால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப, சிஸ்டம் ரெஸ்டோரில் ஒரு மீட்புப் புள்ளி வைத்தான். நான் பொறுமையிழந்து, "எப்போதடா ஆரம்பிப்பாய்?" என்றேன். "ஆரம்பித்துவிட்டேன் சித்தி" என்றான்.

கண்ட்ரோல் பேனலில் புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ் பட்டியலைத் திறந்து, நிறுவிய தேதி என்ற தலைப்பின் மேல் ஒருமுறை சொடுக்கினான். பட்டியல் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டது. புதன்கிழமைத் தேதியில் நான்கு பெயர்களும் ஒன்றின் கீழ் ஒன்றாக, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தன. பெயரைப் பார்த்துத் தேடியிருந்தால் இரண்டைத் தவறவிட்டிருப்பேன், அவ்வளவு சாதுவான பெயர்கள்.

பிழைகளை எண்ணிக் காட்டிய சுத்தப்படுத்தியை அன்இன்ஸ்டால் செய்யச் சொன்னால் கெஞ்ச ஆரம்பித்தது. போகிறீர்களா, பாதி விலைக்குத் தருகிறோமே என்றது. வைத்துக்கொள்கிறேன் என்ற பொத்தான் நீலத்தில் பளிச்சென்று இருந்தது. நீக்கு என்பது அடியில், பொத்தான் என்றே தெரியாத வெளிறிய எழுத்தில். என்னைப் புதன்கிழமை ஏமாற்றிய அதே பச்சைப் பொத்தானின் தம்பி. இந்த முறை வெளிறிய எழுத்தைத்தான் முதலில் தேடினேன்.

டிரைவர் மென்பொருள் வேறு ரகம். நான் ஓடிக்கொண்டிருக்கிறேன், முதலில் என்னை மூடு என்றது. ஓடும் மென்பொருள்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் என்ட் டாஸ்க் கொடுத்தால் மறைந்தது, மூச்சு விடுவதற்குள் திரும்ப வந்து நின்றது. பின்னணியில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் ஒரு நிரல், சர்வீஸ் என்பார்கள், இதற்குக் காவல் இருக்கிறது, இது விழுந்தால் அது தூக்கி நிறுத்துகிறது என்றான் பையன். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, சேஃப் மோடுக்குள் போனோம். சேஃப் மோடில் விண்டோஸ் தனக்கு மிகவும் தேவையானதை மட்டுமே ஏற்றும், இந்த வந்தேறிகள் எழுந்திருக்க மாட்டார்கள். அங்கேயே நீக்கிவிடலாம் என்று நினைத்தால் அதிலும் ஒரு முடிச்சு. பல மென்பொருள்களை நீக்கும் வேலையைச் செய்வது விண்டோஸ் இன்ஸ்டாலர் என்ற சர்வீஸ். சேஃப் மோடில் அதுவும் தூங்குகிறது. ஆகவே அங்கே செய்தது ஒரே வேலைதான். சர்வீஸ்கள் பட்டியலில் அந்தக் காவல்காரனைக் கண்டுபிடித்து டிஸேபிள்டு என்று மாற்றிவிட்டு, வழக்கமான விண்டோஸுக்குத் திரும்பி வந்து, பிறகு நீக்கினோம். காவல் இல்லாத வீடு சத்தமில்லாமல் காலியானது.

பிடிஎஃப் மாற்றியை நீக்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. எங்கோ மரக்கிளை கம்பியில் விழுந்திருக்கிறது, சாரல் காலத்தில் இது வழக்கம். யுபிஎஸ் பேட்டரி செத்து ஒரு வருடம் ஆயிற்று, மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கரண்ட் வந்தபின் பார்த்தால் மாற்றியின் கோப்புகளில் பாதி இல்லை, பெயர் மட்டும் பட்டியலில் இருக்கிறது. நீக்கச் சொன்னால், இது ஏற்கெனவே நீக்கப்பட்டிருக்கலாம், பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடவா என்று விண்டோஸே கேட்டது. எடு என்றோம். செத்தவர் பெயரை ரேஷன் கார்டிலிருந்து நீக்குவதுபோல.

ஆன்டிவைரஸ் நல்ல பிள்ளையாகப் போனது. அதுதான் எனக்குச் சந்தேகம். வேறு ஆன்டிவைரஸ் வந்து உட்கார்ந்தால் விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும், அது போனால் தானாகத் திரும்ப வர வேண்டும். வரவில்லை. போனவன் பதிவேட்டில் கையெழுத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறான், காவலுக்கு ஆள் இருக்கிறது என்றே டிஃபெண்டர் நம்பிக்கொண்டிருக்கிறது. இதற்கென்றே பெரும்பாலான ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தனியாக ஒரு நீக்குகருவியைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. சாதாரண அன்இன்ஸ்டால் போதாது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது! அதை இறக்கி ஓட்டி, கணினியை ஒருமுறை நிறுத்தித் தொடங்கியதும் டிஃபெண்டர் கண் விழித்தது.

மிச்சம் மீதியைத் தேடினோம். சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ் என்று இரண்டு ஃபோல்டர்கள், 64 பிட் மென்பொருளுக்கு ஒன்று, 32 பிட்டுக்கு ஒன்று. இவை கண்ணுக்குத் தெரிபவை. தெரியாமல் இருப்பவை புரோகிராம்டேட்டாவும், நம் பயனர் பெயருக்குள் இருக்கும் ஆப்டேட்டாவும். வியூ பட்டியில் ஹிடன் ஐட்டம்ஸில் டிக் போட்டால்தான் முகம் காட்டும். ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், லோக்கல்லோ, ரோமிங் என்று மூன்று அறைகள். அங்கே மென்பொருளின் பெயரைத் தேடினால் பாதி நேரம் கிடைக்காது, ஃபோல்டர் அதைத் தயாரித்த கம்பெனியின் பெயரில் இருக்கும். ஊரில் எல்லோரும் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், ஆதார் அட்டையில் வேறு பெயர் இருக்கும் இல்லையா, அப்படி. கண்ட்ரோல் பேனல் பட்டியலில் பப்ளிஷர் என்ற பத்தியில் அந்தப் பெயர் இருக்கிறது. நீக்குவதற்கு முன்பே அதைக் குறித்துக்கொள்ள வேண்டும், நீக்கியபின் வரியே போய்விடும். நாங்கள் குறிக்கவில்லை. நினைவிலிருந்து தேடி மூன்று ஃபோல்டர்களை அழித்தோம்.

பையன் சக்கை வற்றல் பொட்டலத்தோடு பஸ் ஏறினான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போன பெரியவரைச் சந்தையில் பார்த்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நானாகவே போய்ச் சொன்னேன்.

திங்கட்கிழமை இரவு, பாவாடைக்குக் கரை அடித்துக்கொண்டிருக்கிறேன், குரோம் தானாகத் திறந்தது. அதே தேடுபக்கம். மூடினேன். செவ்வாய் இரவு மறுபடியும். மாமி உள்ளேயிருந்து, "யார் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்டார், திரை வெளிச்சம் சுவரில் அடித்ததில். புதன் இரவு காத்திருந்தேன். 9.20க்கு வந்தான். தொலைக்காட்சித் தொடர்கூட இவ்வளவு சரியாக ஆரம்பிப்பதில்லை.

மாமியிடம் விளக்க முயன்றேன். அவருக்குப் புரிந்தது கோரைப்புல். வீட்டுக்குப் பின்னால் மரச்சீனிப் பாத்தியில் கோரையை மேலாகப் பறித்தால் நான்கு நாளில் முளைக்கும், அடியில் கிழங்கு கிடக்கிறது என்றார். சரிதான், ஆனால் கிழங்கு எங்கே என்பதல்லவா கேள்வி. பையனுக்குப் பரீட்சை, தொந்தரவு செய்ய மனமில்லை. தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து யோசித்தபோதுதான் புத்தி வந்தது. தினமும் ஒரே நிமிடத்தில் வருகிறவனுக்கு யாரோ மணி அடிக்கிறார்கள். கணினிக்குள் மணி அடிக்கும் வேலை யாருடையது?

டாஸ்க் ஷெட்யூலர் என்று தேடினால் ஸ்டார்ட் மெனுவிலேயே கிடைக்கிறது. 2016இலிருந்து அந்தக் கணினியில் இருக்கிறேன், ஒருநாளும் அதைத் திறந்ததில்லை. இடது பக்கம் லைப்ரரி என்பதைச் சொடுக்கினால் வரிசையாக வேலைகள். பெரும்பாலானவை நியாயமானவை, குரோம் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது போன்றவை. நடுவில் ஒன்றின் பெயரில் அப்டேட் என்ற சொல் இருந்தது, எதை அப்டேட் செய்கிறது என்பது இல்லை. டிரிகர்ஸ் பகுதியில் பார்த்தேன், தினமும் இரவு 9.20. என் இதயம் படபடவென்று அடித்துக்கொண்டது, பொய் சொல்லவில்லை. ஆக்ஷன்ஸ் பகுதியில் அது எந்தக் கோப்பை ஓட்டுகிறது என்ற முழு வழியும் எழுதியிருந்தது. ஆப்டேட்டா, ரோமிங், அதற்குள் அர்த்தமில்லாத எட்டு எழுத்துகளில் ஒரு ஃபோல்டர். சனிக்கிழமை அந்த ஃபோல்டரை நாங்கள் பார்த்தோம்! விண்டோஸுடையதாக இருக்கும் என்று தாண்டிப் போனோம். முதலில் வேலையை நீக்கினேன், பிறகு ஃபோல்டரை நீக்கினேன்.

அதோடு குரோமையும் ஒரு கை பார்த்தேன். முகப்பில் இருந்த குரோம் ஐகானின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் டார்கெட் என்ற பெட்டியில் நிரலின் முகவரி முடிந்தபின் அந்தத் தேடுபக்கத்தின் முகவரி வால் போல ஒட்டியிருந்தது. வாலை வெட்டினேன். குரோமோடு ஒட்டிக்கொள்ளும் சின்ன மென்பொருள்களான எக்ஸ்டென்ஷன்களில் நான் போடாத ஒன்று இருந்தது, எடுத்தேன். நோட்டிபிகேஷன் அனுமதிகளில் பார்த்தால் பெரியவர்கள் முன் என் மானத்தை வாங்கிய தளம் முதல் பெயராக நின்றது. இது மென்பொருளே அல்ல. நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் என்பதைச் சொடுக்குங்கள் என்று ஏதோ ஒரு பக்கம் கேட்டிருக்கும், நானும் ரோபோ போலவே சொடுக்கியிருப்பேன். அந்த ஓர் அனுமதி போதும், அறிவிப்பு என்ற பெயரில் எந்தப் படத்தையும் அனுப்பலாம்.

குரோம் மெனுவின் அடியில் ஒரு வரி இருந்தது. இந்த உலாவி உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறதாம். என் நிறுவனம் என்றால் நானும் ஒரு தையல் மிஷினும். அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான கணினிகளைக் கட்டுப்படுத்துவதற்காக வைத்திருக்கும் வசதி அது, பாலிசி என்பார்கள். தேடுபக்கத்தை நாம் மாற்ற முடியாதபடி பூட்டுவதற்கு இந்த மாதிரி ஆட்கள் அதைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். வீட்டுக் கணினியில் இந்த வரியைப் பார்த்தால் ஏதோ ஒரு மென்பொருள் உங்களுக்கு மேலதிகாரியாகிவிட்டது என்று பொருள். சில ஆன்டிவைரஸ்களும் அதைச் செய்யும், ஆகவே உடனே பதற வேண்டாம். என்னுடையதைச் சரிசெய்ய ரெஜிஸ்ட்ரிக்குள் போக வேண்டியிருந்தது.

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸின் பத்திரப் பதிவு அலுவலகம். எந்த மென்பொருள் எங்கே இருக்கிறது, எந்தக் கோப்பை எது திறக்க வேண்டும், கணினி தொடங்கும்போது யார் யார் எழுந்திருக்க வேண்டும், எல்லாம் அங்கே எழுதி வைத்திருக்கிறது. பாலிசிஸ் என்ற கிளைக்குள் குரோமுக்கான கிளையை எக்ஸ்போர்ட் செய்து ஒரு கோப்பாக வைத்துக்கொண்டு, பிறகு நீக்கினேன். பூட்டு திறந்தது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

நிறுத்தவில்லை. வெற்றி தலைக்கேறிவிட்டது. ஒரு துளி விடாமல் துடைத்துவிடுவது என்று முடிவு செய்து, வியாழக்கிழமை மதியம் ரெஜிஸ்ட்ரியில் அந்த மாற்றியின் பெயரில் உள்ள ஒரு சொல்லைத் தேடு பெட்டியில் போட்டேன். ஒன்று கிடைக்கும், எக்ஸ்போர்ட் செய்வேன், நீக்குவேன், எஃப் 3 விசையை அழுத்தினால் அடுத்தது. ரப்பர் ஷீட் அடிக்கும் உருளையைச் சுற்றுவது போன்ற ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருந்தேன். பதினோராவதோ பன்னிரண்டாவதோ, பிரிண்டருடன் வந்த ஸ்கேன் மென்பொருளின் பதிவு. அதன் பெயரிலும் அதே சொல். கவனிக்காமல் அதையும் நீக்கிவிட்டேன். சாயங்காலம் ஒரு வாடிக்கையாளரின் பழைய அழைப்பிதழை ஸ்கேன் செய்ய உட்கார்ந்தால், பிடிஎஃபாகச் சேமிக்க மாட்டேன் என்கிறது. எக்ஸ்போர்ட் செய்து வைத்திருந்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, சரியானதை இரட்டைச் சொடுக்கியதும் பதிவு பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. அந்த எக்ஸ்போர்ட் இல்லையென்றால் கடைத்தம்பியிடம்தான் போயிருப்பேன், ஃபார்மட் அடிக்க.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது, மாமி சொன்ன கோரைக்கிழங்கு இங்கே முழுதாகப் பொருந்தாது. ஓடுகிற ஒன்றைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்: சர்வீஸ், ஷெட்யூலர் வேலை, ஸ்டார்ட்டப் பட்டியல், எக்ஸ்டென்ஷன். ரெஜிஸ்ட்ரியில் ஆளில்லாமல் கிடக்கும் நான்கு வரிகள் முளைக்காது, கணினியை மந்தமாக்கவும் செய்யாது, சில கிலோபைட் இடம், அவ்வளவுதான். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்து வேகத்தைக் கூட்டுகிறோம் என்று விற்கும் கருவிகளைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. எனக்கு 1,347 பிழைகளைக் காட்டியவனும் அந்தக் கூட்டத்து ஆள்தான். அவன் எண்ணிக் காட்டியதில் பாதி, இப்படி யாருக்கும் தீங்கில்லாமல் கிடக்கும் வரிகளாகத்தான் இருந்திருக்கும்.

ஓடுகிறவற்றைப் பார்க்க ஒரு நல்ல கருவி இருக்கிறது, ஆட்டோரன்ஸ். 1996இல் மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பைச் சேர்ந்தது. 2006இல் மைக்ரோசாஃப்ட் அவர்களை வாங்கிக்கொண்டது, இன்றும் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கணினி தொடங்கும்போதும் நாம் உள்ளே நுழையும்போதும் எழுந்திருக்கும் ஒவ்வொன்றையும், ஷெட்யூலர் வேலைகள் உட்பட, ஒரே பட்டியலில் காட்டும். மைக்ரோசாஃப்ட்டின் சொந்த வரிகளை மறைத்துவிடும் தெரிவு மெனுவில் உண்டு. அதைப் போட்டபின் மிஞ்சுவதைப் படித்தால் போதும். எனக்கு அதில் பிடித்தது, டிக்கை எடுத்தால் அந்த வரி தூங்குமே தவிர அழியாது. தவறு செய்தால் திரும்ப டிக் போட்டுவிடலாம். என்னைப் போன்ற அவசரக்காரிகளுக்காகச் செய்ததுபோல இருக்கிறது. முதல் நாளே இது தெரிந்திருந்தால் 9.20 ஆளை வியாழக்கிழமை காலையிலேயே பிடித்திருப்பேன்.

மிச்சங்களையும் சேர்த்துத் துடைக்க ரீவோ அன்இன்ஸ்டாலர் என்று ஒன்றும் இருக்கிறது. மென்பொருளின் சொந்த நீக்கியை முதலில் ஓட்டிவிட்டு, அது விட்டுச் சென்ற ஃபோல்டர்களையும் ரெஜிஸ்ட்ரி வரிகளையும் தேடிக் காட்டும். அதில் தடித்த எழுத்தில் இருப்பவற்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். பையன் பிறகு போட்டுக் கொடுத்தான், ஒருமுறை பயன்படுத்தினேன், நன்றாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை இரவு 9.20க்குக் குரோம் திறக்கவில்லை. 9.30 வரை உட்கார்ந்திருந்தேன். மாமிகூட எட்டிப் பார்த்துவிட்டு, "இன்று வரவில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. 2016இல் வாங்கிய என் கணினியை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது. புதிய கணினி வாங்க வேண்டியதுதான், பேஜ்மேக்கரை என்ன செய்வது என்பது தனிக் கவலை, அதைப் பிறகு எழுதுகிறேன்.

இனி அந்தக் கொடை நோட்டீஸ். புதன்கிழமை இரவு, இத்தனை பேரையும் வீட்டுக்குள் அழைத்து வந்த அந்த மாற்றி, தன் வேலையைச் சரியாகவே செய்தது. பிடிஎஃபை வேர்டு கோப்பாக மாற்றிக் கொடுத்தது. திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை, முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். போன வருட நோட்டீஸை யாரோ பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு முறைக்கு முந்தைய அந்த எழுத்துருக்களில் தமிழ் என்பது கண்ணுக்குத் தெரியும் வடிவம் மட்டும்தான். பாமினியில் அம்மா என்று அடித்தால் கணினிக்குள் கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். இதுபோன்ற வேறு மாற்றியைப் போட்டிருந்தாலும் எனக்குக் கிடைத்திருப்பது அந்த எம்மும் கேயும்தான். 14 வருடமாக இந்த எழுத்துருக்களோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு, அவர் அனுப்பிய பிடிஎஃபைத் திறந்து பார்த்தவுடனேயே இது தெரிந்திருக்க வேண்டும்.

அன்று இரவே முழு நோட்டீஸையும் பிடிஎஃபைப் பார்த்துப் பார்த்துக் கையால் அடித்தேன். குடியழைப்பு, வில்லிசை, உச்சிக்கால பூஜை, மஞ்சள் நீராட்டு, நன்கொடை தந்தவர்கள் பெயர் எல்லாம் சேர்த்து. நாற்பது நிமிடம் ஆனது.